ஒண்ணு ரெண்டு மூணு நம்பர் கனகம்

தென்காசி வளர்பிறை சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற உலகம்மாள் ஒரு நாளைக்கு முந்நூறு தடவையாவது "போன் நம்பர் சொல்லுங்க" என்று கேட்பாள். கேட்டுக் கேட்டு அது அவள் நாக்கில் எப்படி ஊறிப்போய்விட்டதென்றால், ஒருநாள் காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் பால்காரரை நிமிர்ந்து பார்த்து "போன் நம்பர் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, அவர் பாட்டுக்குச் சொல்ல ஆரம்பித்ததும்தான் ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

முந்நூறு பேரில் இருநூற்றைம்பது பேர் நம்பரைச் சொல்லிவிடுவார்கள். மீதி ஐம்பது பேர் சொல்ல மாட்டார்கள். அவர்களைப் பெரிய விவரக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், எல்லாம் கூடைக்குள் கிடக்கிற சாமான் செய்கிற வேலை. நரைத்த தலைக்கு மை வாங்குகிறவருக்கு நம்பர் சொல்ல வாய் வராது; டாக்டர் இனிப்பைத் தொடாதே என்று சொன்ன பிறகும் மைசூர்பாகு பெட்டி வாங்குகிறவருக்கு வராது; படுக்கையில் கிடக்கிற மாமனாருக்குப் பெரியவர்கள் கட்டுகிற டயப்பர் வாங்குகிற மருமகளுக்கு வராது, மாமனார் மானம் போய்விடுமே என்று; கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து நாள் தள்ளிப் போய், யாரிடமும் மூச்சுவிடாமல் நெல்லிக்காய் ஊறுகாய் பாட்டிலைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு வருகிறவளுக்குச் சத்தியமாக வராது. "நம்பர்லாம் வேண்டாம்மா, பில்லைப் போடு" என்பார்கள், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

ஆனால் கம்ப்யூட்டர் விடாது. நம்பர் கட்டம் காலியாக இருந்தால் பில் வராது, பேர் கட்டம் காலியாக இருந்தாலும் வராது. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அதனால் உலகம்மாள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது நாளே ஒரு வழி கண்டுபிடித்தாள்: ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்பது வரைக்கும் வரிசையாகத் தட்டி, கடைசியில் ஒரு பூஜ்யம். பேர் கட்டத்தில் கனகம். பிறந்த நாள் கட்டத்தில் ஜனவரி ஒன்று. கனகம் என்று அவளுக்கு யாரையும் தெரியாது, விரல் போன போக்கில் விழுந்த பேர். எட்டு வருஷமாக ஊர் எதையெல்லாம் ஒளித்து வாங்கியதோ அதையெல்லாம் அந்தக் கனகம்தான் வாங்கினாள்.

உலகம்மாளும் அதே பேரில்தான் ஒளித்துக்கொண்டிருந்தாள். மாசத்தில் ஒருநாள் ஒரு பிளேடு பாக்கெட், ஒரு சேவிங் கிரீம், ஆம்பளைகள் தேய்க்கிற சோப்பு ஒன்று. அவள் புருஷன் சிவனுப்பாண்டி சூரத்துக்கு வேலைக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது, போனவன் போனவன்தான், ஒரு கடுதாசி கிடையாது, ஒரு போன் கிடையாது. ஆனால் தெருவில் அவள் சொல்லியிருந்தது வேறு. மாசத்துக்கு ஒருதரம் ராத்திரி ரயிலில் வந்து விடியுமுன்னே போய்விடுகிறான் என்று சொல்லி, கிரீமைக் கொஞ்சம் பிதுக்கிக் கழுவி, பிளேடு உறையைக் குப்பையில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி போட்டு, கொடியில் ஒரு வேட்டியை நனைத்துக் காயப்போட்டு, இல்லாத ஒரு ஆம்பளையைப் பதினோரு வருஷம் கட்டி மேய்த்தாள். ஒற்றைப் பொம்பளை என்று தெரிந்தால் வாடகை வாங்குகிற வீட்டுச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்வார், தண்ணிக் குழாய் ரிப்பேர் பண்ண வருகிறவன்கூட ஒரு மாதிரி சிரிப்பான். அவளுக்குப் பயம். அவ்வளவுதான் விஷயம், வேறொன்றுமில்லை.

ஆடி மாசம், சாரல் பிசுபிசுவென்று விழுந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு வரிசையில் வெறுங்கூடையோடு ஒரு பொம்பளை நின்றாள். ஐம்பது வயசிருக்கும், தலை கன்னங்கரேலென்று இருந்தது. உலகம்மாள் பழக்கத்தில் நிமிராமலே கேட்டாள், "போன் நம்பர் சொல்லுங்க."

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு..." என்று அவள் சொன்னாள்.

உலகம்மாளின் விரல் அதுபாட்டுக்கு ஆறு ஏழு எட்டு என்று ஓடி, பூஜ்யத்தில் போய் நின்றது. திரையில் 'வருக கனகம்' என்று எழுத்து வந்தது. உலகம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பொம்பளையின் மேல் சேவிங் கிரீம் வாசனை அடித்தது, எந்தக் கிரீம் என்று அவளுக்கா தெரியாது.

"வந்துட்டியா?" என்று கேட்டாள் உலகம்மாள். வேறென்ன கேட்க?

"ஆமா தாயி. சோலி நெறைய சேந்துபோச்சு, அதான் ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் கனகம். ஆனால் போகவில்லை. போவதற்கு அவளுக்கு இடம் கிடையாது, விலாசக் கட்டத்தில் உலகம்மாள் எட்டு வருஷமாகத் 'தென்காசி' என்று மட்டும்தான் போட்டிருந்தாள்.

இந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குற்றாலத்தில் சீசன் பத்து நாள் தள்ளிப்போனால் மூலைக்கு மூலை நின்று பேசுவார்கள், வானத்தைப் பார்த்துக் கையை விரிப்பார்கள். கனகம் வந்ததற்கு யாரும் அப்படிப் பேசவில்லை. கடை மேனேஜர் தங்கப்பழம் மட்டும் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "யக்கா, இவ ஸ்டாஃபா கஸ்டமரா?" என்று உலகம்மாளைக் கேட்டான். கஸ்டமர்தான் என்று சொன்னதும், "அப்ப ஒரு நாக்காலி போட்டுக் குடுங்க, நின்னுட்டே இருக்கா" என்று சொல்லிவிட்டு லாரி இறக்கப் போய்விட்டான். காய்கறி எடை போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி விழுந்தது. கனகம் அதில் உட்கார்ந்தாள். ராத்திரி மாடியில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் பாய் விரித்துக்கொண்டாள், அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் வாரம் ஊர் நடுங்கியது உண்மை. ஐயோ, நம்ம வண்டவாளமெல்லாம் இவளுக்குத் தெரியுமே என்று மை வாங்கியவர்களும் மைசூர்பாகு வாங்கியவர்களும் கடைப்பக்கமே வரவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, கனகத்துக்கு எல்லாம் தெரியும், யார் என்பது மட்டும் தெரியாது. யாராவது நம்பர் சொல்லாமல் தைலம் வாங்கினால் இவளுக்கு நெற்றிப்பொட்டு தெறிக்கும். யாராவது ஒளித்து மைசூர்பாகு வாங்கினால் இவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி நாக்கைச் சப்புக்கொட்டி, "அடடா, நெய் கூடுதலா இருக்கு" என்பாள். யாரோ ஊறுகாய் வாங்கிய அன்றைக்கு அடிவயிற்றைத் தடவிக்கொண்டு தன்பாட்டுக்குச் சிரிப்பாள். அவ்வளவுதான், யாரையும் காட்டிக்கொடுக்க அவளிடம் பேர் கிடையாது.

இது தெரிந்ததும் ஊர் ஆசுவாசமாக மூச்சுவிட்டது, விட்ட கையோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தது. ரிட்டயரான எட்வின் வாத்தியார் கத்தரிக்காய் பொறுக்குகிற சாக்கில் வந்து, "ஏம்மா, தலையில மையினால அரிப்பு எதுவும் இல்லையே?" என்று காதோடு கேட்டார். "இருக்கு சார். வேற கம்பெனி மாத்துனா நல்லது" என்றாள் கனகம். அடுத்த வாரமே அவர் மாற்றினார். மாமனாருக்கு டயப்பர் வாங்குகிற ஜைனம்பு வெங்காயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "யக்கா, ஒனக்கு ரொம்பச் சங்கடமா இருக்கோ?" என்று கண்ணீர்விட்டாள். "சங்கடம்தாம்ளா. ஆனா ஒருத்தி பக்குவமா மாத்தி விடுதா, நல்ல கை" என்று கனகம் சொன்னதும், நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தர் தன் கையைப் பாராட்டிவிட்டார் என்று ஜைனம்பு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். கோயிலில் சொல்லாததை, பள்ளிவாசலில் சொல்லாததை, மாதாவிடம் மெழுகுவத்தி ஏற்றியும் சொல்லாததை எல்லாம் மக்கள் காய்கறித் தராசுப் பக்கம் வந்து சொல்லிவிட்டு, அரைக் கிலோ தக்காளியும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஊருக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. அவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுக்க ஆசைப்பட்டு நாலைந்து பேர் கூட்டிக்கொண்டு போனார்கள். சிம் கார்டுக் கடைக்காரன் ஆதார் கேட்டான். ஆதார் எடுக்கிற இடத்தில் போன் நம்பர் கேட்டார்கள். போன் நம்பர் என்று கனகம் ஒண்ணு ரெண்டு மூணு சொல்ல, "விளையாடாதீங்கம்மா" என்று விரட்டிவிட்டார்கள். திரும்பி வருகிற வழியில் எல்லாரும் டீ குடித்துவிட்டு வந்தார்கள்.

உலகம்மாள் மட்டும் கனகத்தின் பக்கத்தில் உட்காரவில்லை. பில் கவுண்டரிலிருந்தபடி பார்ப்பாள். கனகம் அவ்வப்போது தாடையைத் தடவிக்கொண்டு, "இந்தச் சேவிங் பண்றவரு பாவம், யாருமே இல்லாத மொகத்துக்குப் பண்ற மாதிரி இருக்கு" என்பாள். உலகம்மாள் சடாரென்று குனிந்து அடுத்த சாமானுக்கு பில் போடுவாள். இருந்தாலும் மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்தால் பாதியை மூடியில் எடுத்து வைத்து, பேசாமல் கொண்டுபோய் அவள் மடியில் வைத்துவிட்டு வருவாள். பெத்தவள் செய்கிற காரியம்தானே அது.

வினை பரிசு ரூபத்தில் வந்தது. மதுரை தலைமை ஆபீஸ், எல்லாக் கிளைகளிலும் அதிகமாக வாங்கிய கஸ்டமர் யார் என்று பார்த்தால் தென்காசி கனகம். லட்சத்துச் சொச்சம் பில்! சால்வையும் மிக்ஸியும் எடுத்துக்கொண்டு பூர்ணிமா என்கிற ஆபீசர் புதன்கிழமை வந்து இறங்கினாள். கனகத்தையும் பார்த்தாள், கம்ப்யூட்டரையும் பார்த்தாள், சால்வையை மடித்துப் பைக்குள்ளேயே வைத்தாள். கெட்டவள் கிடையாது, சட்டம் பேசுகிறவள்.

"இது பொய்க் கணக்கு. ஒரே நாள்ல முப்பது டயப்பரும் தலைக்குப் போடுற மை மூணும் யாரும் வாங்க மாட்டாங்க. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குச் சிஸ்டமே இதை அழிச்சிரும். அதுக்குள்ள எந்த பில் யாரோடதுன்னு அவங்களே வந்து, சொந்த நம்பரைக் குடுத்து வாங்கிட்டா, சரி. அவங்க பில் அவங்க கணக்குக்குப் போயிரும்" என்றாள்.

"அழிச்சா இவ என்ன ஆவா மேடம்?" என்று கேட்டாள் உலகம்மாள்.

பூர்ணிமா கனகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

சேதி அன்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவியது. வியாழக்கிழமை காலை கடை திறக்குமுன்னே வரிசை நின்றது. முதல் ஆள் எட்வின் வாத்தியார். குரலைக் கனைத்துக்கொண்டு, பாடம் நடத்துகிற சத்தத்தில், "தலைக்குப் போடுற மை, எட்டு வருஷமா வாங்கினது, எல்லாம் என்னோடது. எழுதிக்கோ" என்று தன் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். பின்னால் ஜைனம்பு. "டயப்பர் எங்க மாமாவுக்கு. அதுல என்ன வெக்கம்? நானும் ஒருநா படுக்கத்தான போறேன்" என்று கூட்டத்தைப் பார்த்தே சொன்னாள். மைசூர்பாகுக்காரர் பெண்டாட்டியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, அவள் வாயில் விழுகிற வசவை எல்லாம் வாங்கிக்கொண்டே நம்பரைச் சொன்னார். ஊறுகாய்க்காரி வந்தாள், இப்போது வயிறு நன்றாகத் தெரிந்தது, அவளுக்கு வரிசையில் முன்னால் இடம் விட்டார்கள். வியாழன் முழுக்க, வெள்ளி முழுக்க, சனி மத்தியானம் வரைக்கும் ஊர் தன்னுடையதைத் தானே வாங்கிக்கொண்டு போனது.

ஆனால் பில் போகப் போகக் கனகம் லேசாகிக்கொண்டே வந்தாள். மை போன அன்றைக்குத் தலை நரைத்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. தைலம் போனதும் தலைவலி போனது. கூடவே எடையும் போனது. சனிக்கிழமை நாலு மணிக்கு அவளைத் தூக்கி மூட்டை நிறுக்கிற தராசில் உட்கார வைத்தார்கள். நாலு கிலோ காட்டியது. மின்விசிறி காற்றுக்குப் பறந்துவிடாமல் தங்கப்பழம் அவள் சேலை முந்தியின் மேல் ஒரு பருப்பு மூட்டையைத் தூக்கி வைத்தான்.

"என் நம்பர வேணா அவளுக்குப் போட்டுக் குடுங்க மேடம்" என்று ஜைனம்பு கெஞ்சினாள். தட்டிப் பார்த்தார்கள். 'இந்த எண் ஏற்கெனவே பதிவில் உள்ளது' என்று வந்தது. வாத்தியார் நம்பர், தங்கப்பழம் நம்பர், யார் நம்பரைப் போட்டாலும் அதேதான். மூன்று நாளில் ஊரே தன் சொந்தப் பேரில் ஏறியிருந்தது.

"இன்னும் தொண்ணூத்தாறு பில் இருக்கு. பிளேடு, சேவிங் கிரீம், சோப்பு. இதுக்கு யாரும் வரல. வந்து வாங்கிட்டாலும் கணக்கு காலியாயிரும். காலிக் கணக்கையும் ஆறு மணிக்கு அழிச்சிரும். எனக்கும் வேற வழி தெரியல" என்றாள் பூர்ணிமா.

மணி ஐந்தே முக்கால். கடைக்குள் நூறு பேர் நின்றார்கள், உலகம்மாளின் வீட்டுச் சொந்தக்காரரும் நின்றார். உலகம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சும்மா இருந்தால் பதினைந்து நிமிஷத்தில் கனகம் போய்விடுவாள், யாருக்கும் எதுவும் தெரியாது, கொடியில் வேட்டி காயும், தெரு மரியாதையாகக் கும்பிடும். கனகம் அவளைப் பார்த்துச் சிரித்தாள். போ என்று சொல்கிற சிரிப்பாகவும் இல்லை, வா என்று கூப்பிடுகிற சிரிப்பாகவும் இல்லை, மத்தியானம் சோற்றை மடியில் வாங்கும்போது சிரிக்கிற அதே சிரிப்பு.

உலகம்மாள் எழுந்து கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து, கஸ்டமர் நிற்கிற இடத்தில் நின்றாள்.

"அந்தத் தொண்ணூத்தாறும் நான் வாங்கினது" என்றாள். சத்தம் வரவில்லை, மறுபடியும் சொன்னாள். "நாந்தான் வாங்கினேன். எங்க வீட்ல ஆம்பளை கிடையாது. பதினோரு வருஷமாச்சு அந்த மனுசன் போயி. வரவும் இல்ல, வரப்போறதும் இல்ல. ஊரு என்ன பேசுமோன்னு பயந்து ஒரு புருசனைக் காசு குடுத்து வாங்கி வாங்கி வச்சிருந்தேன். எனக்கு அலுத்துப்போச்சு மேடம்."

பூர்ணிமா நாற்காலியை இழுத்துப் போட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"சரி, உங்க பேர்ல மாத்திரட்டா?" என்று பூர்ணிமா கேட்டாள்.

"வேண்டாம். பில்லு அதுல இருக்கிற மாதிரியே இருக்கட்டும், பேரும் கனகம்னே இருக்கட்டும். நம்பரை மட்டும் மாத்துங்க. என் நம்பரைப் போடுங்க, எட்டு வருஷமா ஊரு நம்பரைக் கேட்டேனே ஒழிய என் நம்பரை ஒரு கட்டத்துலயும் போட்டதில்ல."

"ஒரு நம்பர்ல ரெண்டு பேரா?"

"ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர் போதாதா மேடம்? எங்க ஊர்ல எல்லா வீட்லயும் அப்படித்தான்."

பூர்ணிமாவின் விரல் எழுத்துப் பலகைக்கு மேலேயே நின்றது. "வீட்ல யார் யாரு இருக்கீங்க?"

"நானும் கனகமும்."

உலகம்மாளின் வீட்டுச் சொந்தக்காரர் செருமினார். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள், ஜைனம்பு பார்த்த பார்வையில் மனுஷன் அரை அடி பின்னால் போனார். "ரெண்டு பேருன்னா தண்ணி பத்தாதே, காலையில அரை மணி நேரம் கூட மோட்டார் போடச் சொல்றேன்" என்றார்.

பூர்ணிமா தட்டினாள். மணி ஐந்து ஐம்பத்தெட்டு. உலகம்மாளின் கைப்பைக்குள் போன் டிங்கென்றது. நம்பரைச் சரிபார்க்கிற ஓ.டி.பி., நாலு எண். அவள் கண் மறைத்தது, படிக்க முடியவில்லை. வாத்தியார் போனை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கணக்குப் பாடம் மாதிரி நாலு எண்ணையும் உரக்கச் சொன்னார். திரை ஒரு தடவை வெளுத்து, 'உறுதி செய்யப்பட்டது' என்றது.

தராசு முள் நாலில் நின்றது. ஐந்துக்கு வந்தது. அப்புறம் பத்து, இருபது, முப்பத்தெட்டு என்று ஓடி, ஐம்பத்தொன்றில் போய் ஆடி ஆடி நின்றது. "ஆத்தாடி, தூக்கிவிடுங்கட்டி, காலு மரத்துப்போச்சு" என்றாள் கனகம். உலகம்மாள் கை கொடுத்தாள். தூக்குவதற்கு நல்ல கனமாக இருந்தாள். உலகம்மாள் அழுதாள், ஒளிக்காமல், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள், அதை எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, "வா, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

"இரு தாயி. வீட்டுக்குன்னா ஒண்ணு வாங்கணும்" என்று கனகம் சாமான் அடுக்குகளுக்கு இடையில் நடந்து போனாள், பல் விளக்குகிற பிரஷ்கள் தொங்குகிற இடத்தில் போய் நின்றாள். லட்சம் பில்லுக்குச் சொந்தக்காரியாக இருந்தவள் தனக்கென்று ஒரு சாமான் எடுப்பது அதுதான் முதல் தடவை. பச்சையை எடுத்துப் பார்த்தாள், வைத்தாள். நீலத்தை எடுத்தாள், நாரை விரலால் தடவிப் பார்த்தாள், வைத்தாள். மஞ்சளை எடுத்தாள். மறுபடியும் பச்சைக்குப் போனாள். பில் வரிசையில் அதற்குள் இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள், பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பவர்கள், அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவர்கள். ஒருத்தர்கூட உச்சுக்கொட்டவில்லை. அவள் எந்த நிறத்தை எடுக்கப்போகிறாள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.